இரண்டாவது மருந்து

அத்தியாயம் 17

"அக்கா மட்டும் எனக்கு ஊசி போட வேண்டாம். வேற யாரு வேணா போடட்டும்."

போன வாரம் சின்னவள் இதைச் சொல்லிவிட்டு, நிறைமாத வயிற்றைத் தாங்கிப் பிடித்தபடி மருத்துவமனைப் படிகளில் இறங்கிப் போனாள். அதைக் கேட்டுக்கொண்டு நின்ற பெரியவள் அதே மருத்துவமனையில் மயக்க மருத்துவர். இந்த ஏழு நாளில் உங்களில் எத்தனை பேர் அக்காவைத் திட்டினீர்களோ, எத்தனை பேர் தங்கையைத் திட்டினீர்களோ, எனக்குத் தெரியாது. இருவர் பக்கத்துக்கும் கொஞ்சம் மிச்சம் வையுங்கள். இன்று தேவைப்படும்.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்கு முன்கதை இவ்வளவுதான்.

நான்கு வருடத்துக்கு முன்னால் சின்னவளுக்குத் தலைப்பிரசவம். அவசரமாகச் சிசேரியன் செய்ய வேண்டியதாயிற்று. அன்று பணியில் இருந்தவள் பெரியவள்தான். தங்கையின் முதுகில் ஊசி போட்டாள், இடுப்புக்குக் கீழே மரத்தது, குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. மூன்று மணி நேரத்தில் மரப்பு விட்டது. அதற்குப் பிறகு சின்னவள் பட்ட பாட்டை வார்டு முழுவதும் கேட்டது.

பக்கத்துப் படுக்கையில் அதே நாளில் அதே அறுவை முடிந்த ஒரு பெண் சாய்ந்து உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு முதுகு ஊசியில் இன்னொரு மருந்தும் சேர்த்துப் போட்டிருந்தார்களாம்.

"எனக்கு ஏன் போடல?" என்று சின்னவள் கேட்டாள்.

"அவங்களுக்குப் போட்டதோட தீர்ந்துபோச்சு. ஸ்டாக் இல்ல" என்றாள் பெரியவள்.

கடைசி மருந்தை யாரோ ஒருத்திக்குப் போட்டுவிட்டுக் கூடப் பிறந்தவளைத் தவிக்க விட்டாள். சின்னவள் மனதில் அது அப்படித்தான் பதிந்தது. பெற்ற பிள்ளையைக் கையில் தூக்க அவளுக்கு ஒன்றரை நாள் ஆயிற்று. அன்றிலிருந்து அக்காவோடு பேச்சு உண்டு, ஒட்டுதல் இல்லை. சாப்பிட்டியா, சாப்பிட்டேன், அதோடு சரி.

இன்று இரண்டாவது பிரசவம். இதுவும் சிசேரியன்தான். இரண்டாவது மருந்து கட்டாயம் உண்டு என்று மருத்துவர் வாக்குக் கொடுத்த பிறகுதான் சின்னவள் தேதிக்கே சம்மதித்தாள்.

காலை ஏழரை மணி. அறுவை அரங்கை ஒட்டிய சிறிய அறையில் நெட்டை டாக்டர் பெரியவளிடம் ஒரு கோப்பை நீட்டினார். அவரும் மயக்க மருத்துவர்தான். கதவுநிலை ஒவ்வொன்றுக்கும் தலை குனிந்தே பழகிப்போனதால் யாரிடம் பேசினாலும் மன்னிப்புக் கேட்கிறவர்போல இருப்பார்.

"உங்க தங்கச்சி ஃபைல், மேடம். ஊசி நீங்க போடக் கூடாதுன்னாங்க. பாக்கக் கூடாதுன்னு சொல்லல. ஒரு தடவ கண்ண ஓட்டிடுங்க."

"என்ன போடப் போறீங்க?"

"வழக்கமா மரத்துப்போறதுக்குப் போடுறது ரெண்டு மில்லி. கூட மார்ஃபின், நூத்தம்பது மைக்ரோகிராம்."

அதுதான் அந்த இரண்டாவது மருந்து. கண்ணுக்கே தெரியாத அளவு, அதே ஊசி வழியாக உள்ளே போகும். முதல் மருந்து இரண்டு மூன்று மணி நேரத்தில் விடைபெற்றுக்கொள்ளும். இரண்டாவது, முதுகுத் தண்டைச் சுற்றியுள்ள நீரில் தங்கி, கிட்டத்தட்ட ஒரு நாள் முழுவதும் வலியைத் தள்ளி நிறுத்தும். மூக்கு அரிக்கும், கொஞ்சம் குமட்டும், அவை போகட்டும். அபூர்வமாகச் சிலருக்கு, பல மணி நேரம் கழித்து, தூக்கத்தில் மூச்சு மந்தப்படும். அதனால்தான் போட்டவர்களை ஒரு நாள் கண்காணிப்பார்கள்.

பெரியவள் கேள்வித்தாளைப் புரட்டினாள். சர்க்கரை, இல்லை. ரத்த அழுத்தம், இல்லை. ஒவ்வாமை, இல்லை. பன்னிரண்டாவது கேள்வியில் அவள் விரல் நின்றது.

தூக்கத்தில் குறட்டை உண்டா? மூச்சு தடைபடுவது உண்டா?

'இல்லை' என்று எழுதி, போதாததற்கு அடியில் ஒரு கோடும் போட்டிருந்தது. மாப்பிள்ளையின் கட்டம் கட்டமான கையெழுத்து.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். பதினெட்டு வருடம் தங்கையோடு ஒரே அறையில் படுத்தவள் பெரியவள். அந்தக் குறட்டைக்குப் பயந்து பரீட்சைக்குச் சமையலறையில் உட்கார்ந்து படித்தவள்.

சின்னவளுக்குத் தொழில் வானொலியில் செய்தி வாசிப்பது. குரலை வைத்துப் பிழைப்பவள். கல்யாணத்தன்று பெரியவள் மைக்கைப் பிடித்து, "மாப்பிள்ளை, இவ வேலையில செய்தி பத்து நிமிஷம்தான். வீட்டுல ராத்திரி முழுக்க ஒலிபரப்பு உண்டு" என்றாள். மண்டபமே சிரித்தது. சின்னவளும் சிரித்தாள். சிரித்துவிட்டுக் குளியலறைக்குள் போய் அரை மணி நேரம் அழுதாள். அதற்குப் பிறகு அந்தச் சொல்லையே எடுப்பதில்லை என்று பெரியவள் தனக்குத் தானே சத்தியம் செய்துகொண்டாள்.

"அஞ்சு நிமிஷம் இருங்க டாக்டர். மருந்த ஊசியில எடுத்துடாதீங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.

மாப்பிள்ளை நடைபாதையில் லிஃப்ட் பக்கம் நின்று, அது கதவு மூடும் அழகைக் குறை கண்டுகொண்டிருந்தார். லிஃப்ட் மெக்கானிக்குக்கு எங்கே போனாலும் பார்வை அங்கேதான் போகும்.

"மாப்பிள்ளை, பன்னிரண்டாவது கேள்வி."

அவர் முகம் மாறியது. "அது வந்து, அண்ணி..."

"அவ குறட்டை விடுறாளா இல்லையா?"

"கல்யாணத்துக்கு அப்புறம் நின்னுபோச்சுன்னு அவ நம்பிட்டு இருக்கா."

"அவ நம்புறது இருக்கட்டும். நீங்க சொல்லுங்க."

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய்யலாம் என்பார்கள். மாப்பிள்ளை கல்யாணத்துக்குப் பிறகு ஒரே பொய்யை ஆயிரம் தடவை சொன்னவர். ஆறு வருடமாகக் காலையில் சின்னவள், "ராத்திரி சத்தம் போட்டேனா?" என்று கேட்பாள். "சேச்சே, மூச்சு விடுறதே தெரியல" என்பார் இவர். சொல்லும்போதே காதிலிருந்து பஞ்சை எடுத்துக்கொண்டிருப்பார்.

"விடுவா அண்ணி. நல்லாவே விடுவா. மாசம் ஏற ஏற ஜாஸ்தி."

"நடுவுல நிக்குதா?"

அவர் லிஃப்ட் பக்கம் திரும்பிக்கொண்டார். "நிக்கும். ஓடிட்டு இருக்கிற மோட்டார் சட்டுனு நின்ன மாதிரி. நான் மனசுக்குள்ள எண்ணுவேன். பத்து, பன்னெண்டு எண்றதுக்குள்ள திரும்ப ஓட ஆரம்பிச்சிடும். ஓடலன்னா தோள்ல தட்டுவேன்."

"இத டாக்டர்கிட்ட சொல்லணும்னு தோணலையா?"

"சொன்னா அந்த மருந்து கிடைக்காதுன்னு பயம். அது இல்லன்னா அவ உள்ளயே வர மாட்டா. போன தடவ அவ பட்டது உங்களுக்குத் தெரியாதா? சொல்லிடாதீங்க அண்ணி. உங்கள கையெடுத்துக் கும்பிடறேன்."

சொன்னால், சின்னவள் இந்த ஜென்மத்தில் மன்னிக்க மாட்டாள். முதல் தடவையும் அக்காதான் தடுத்தாள், இரண்டாம் தடவையும் அக்காதான் தடுத்தாள் என்று ஆகிவிடும். சொல்லாவிட்டால், இன்று மாலை அவள் தூங்கும்போது ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே என்ன நடக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. பெரியவள் நெட்டை டாக்டரையும் அழைத்துக்கொண்டு நேராகத் தங்கையின் கட்டிலுக்குப் போனாள். பின்னாலேயே மாப்பிள்ளை.

சின்னவள் பச்சை உடுப்பு போட்டு, தலைக்கு உறை மாட்டி, கையில் குளுக்கோஸ் ஊசியோடு படுத்திருந்தாள். மூன்று பேர் சேர்ந்து வருவதைப் பார்த்ததும் அவளுக்கு ஏதோ புரிந்துவிட்டது.

"என்ன? ஸ்டாக் இல்லையா?" என்றாள்.

"இருக்கு. நீ குறட்டை விடுற. நடுவுல மூச்சும் நிக்குது. அது டாக்டருக்குத் தெரியணும்" என்றாள் பெரியவள்.

சின்னவளின் காது மடல் சிவந்தது.

"இங்கயும் ஆரம்பிச்சிட்டியா? கல்யாண மண்டபம் பத்தல உனக்கு."

"கேலி பண்ணல."

"அதெல்லாம் எப்பவோ நின்னுபோச்சு. இவரக் கேளு." கணவனைப் பார்த்தாள். "சொல்லுங்களேன்."

மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். செய்தி வாசிக்கிறவளுக்கு அந்த மௌனத்தைப் படிக்கத் தெரியாதா?

"ஆறு வருஷமா?"

"ஆமா."

"தூங்குறதுக்கு என்ன பண்ணுவீங்க?"

"பஞ்சு வச்சுக்குவேன். சில நாள் அதுவும் பத்தாது."

வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பார்கள். சின்னவள் அக்காவைப் பார்த்தாள். "ஆக, இந்தத் தடவையும் எனக்கு அந்த மருந்து கிடையாது. போன தடவையும் நீதான், இந்தத் தடவையும் நீதான்."

இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் பெரியவள் தப்பித்திருப்பாள். வேலையும் தப்பியிருக்கும். பக்கத்திலேயே நெட்டை டாக்டர் நிற்பதும் அவளுக்குத் தெரியும். ஆனாலும் சொன்னாள்.

"போன தடவ ஸ்டாக் இல்லன்னு சொன்னேன். அது பொய். மருந்து இருந்துச்சு. கையில எடுத்துட்டுத் திருப்பி வச்சேன்."

சின்னவள் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"நீ தூங்கும்போது மூச்சு நிக்கிறத சின்ன வயசுலேருந்தே பாத்திருக்கேன். அன்னிக்கு வார்டுல முப்பது பேருக்கு ஒரு சிஸ்டர். யாரு உன்னப் பாத்துக்குவா? பயந்துட்டேன். அதுக்கப்புறம் நீ கேட்டப்போ, உன் குறட்டைதான் காரணம்னு சொல்ல எனக்கு வாய் வரல. கேஸ் ஷீட்லயும் இருப்பில் இல்லைன்னே எழுதினேன்."

நெட்டை டாக்டர் ஒரு அடி பின்னால் போனார்.

சின்னவள் மேலே ஓடும் மின்விசிறியைப் பார்த்தாள். பேசும்போது குரல் செய்தி வாசிக்கிற குரலாக இருந்தது, ஏற்ற இறக்கமே இல்லை.

"ஒருத்தர் எனக்கு மனசு நோகக் கூடாதுன்னு பொய் சொன்னாரு. இன்னொருத்தரும் மனசு நோகக் கூடாதுன்னு பொய் சொன்னாங்க. மனசு நோகல. உடம்பு மொத்தமும் நொந்துச்சு."

மாப்பிள்ளை கண்ணைத் துடைத்தார். பெரியவளுக்குத் துடைக்கவும் தோன்றவில்லை.

"டாக்டர், எனக்குத் தெரியாம எல்லாரும் எனக்கு நல்லது பண்ணது போதும். நீங்க சொல்லுங்க. போட முடியுமா, முடியாதா?"

நெட்டை டாக்டர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, மெதுவாக, எதையும் விடாமல் சொன்னார். போடாமலே வேறு வழிகளில் வலியைக் குறைக்கலாம், ஆனால் இந்த அளவு கேட்காது. போடுவதென்றால் நூறு மைக்ரோகிராமுக்கு மேல் தர மாட்டார். தூக்க மருந்து வேறெதுவும் கூடாது. விரலில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் கிளிப் மாட்டியிருக்கும். ஆனால் கிளிப்பை மட்டும் நம்ப முடியாது. நாளைக் காலை வரை ஒருவர் பக்கத்திலேயே உட்கார்ந்து மூச்சை எண்ண வேண்டும். குறைந்தால் உடனே எழுப்ப வேண்டும், மார்ஃபினை முறிக்கும் மாற்று மருந்து தட்டில் தயாராக இருக்க வேண்டும்.

"பக்கத்துலயே உட்கார எங்கிட்ட ஆளில்ல. மணிக்கொரு தடவ வந்து பாக்கலாம்" என்றார் கட்டிலருகே நின்ற வார்டு சிஸ்டர்.

"நான் உட்கார்றேன். ரெண்டு நாள் லீவு போட்டாச்சு" என்றாள் பெரியவள்.

சின்னவள் திரும்பினாள். "அன்னிக்கு இது உனக்குத் தோணலையா?"

அந்தக் கேள்விக்குத்தான் பெரியவள் நான்கு வருடமாகப் பயந்துகொண்டிருந்தாள்.

"தோணல. டூட்டி முடிஞ்சுது, வீட்டுக்குப் போய்ட்டேன். நானே உட்கார்ந்து எண்ணியிருக்கலாம், நீ வலியில்லாம இருந்திருப்ப. மருந்து போடாதது தப்பில்ல. வீட்டுக்குப் போனதுதான் தப்பு."

சின்னவள் நெட்டை டாக்டரிடம், "நூறே போடுங்க. அவ எண்ணட்டும். எண்ணுறாங்கறதுக்காக நான் மன்னிச்சிட்டேன்னு யாரும் முடிவு பண்ண வேண்டாம்" என்றாள்.

வெளியே வந்ததும் நெட்டை டாக்டர் தயங்கி நின்றார். "மேடம், அளவு ஏன் குறைச்சேன்னு நான் எழுதணும். பழைய ஷீட்ல இருக்கிறதுக்கும் இதுக்கும் ஒத்துப்போகாது. நீங்க சொன்னத நான் கேக்கலன்னு சொல்ல முடியல."

"கேட்டத அப்படியே எழுதுங்க."

எட்டே முக்காலுக்கு ஊசி. ஒன்பது ஏழுக்குக் குழந்தை. பெண். அரங்குக் கதவுக்கு வெளியே நின்றிருந்த பெரியவளுக்கு அழுகைச் சத்தம் கேட்டது. தாயின் குரல்வளம் அப்படியே வந்திருக்கிறது என்று நினைத்து, அதையும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

பதினொன்றரை மணிக்குச் சின்னவளால் கால் கட்டைவிரலை அசைக்க முடிந்தது. முதல் மருந்து கிளம்பிவிட்டது. போன தடவை எல்லாம் தொடங்கியது இந்த நேரத்தில்தான். அவள் கட்டிலின் இரும்புச் சட்டத்தை முன்கூட்டியே இறுகப் பிடித்துக்கொண்டாள்.

பன்னிரண்டு ஆயிற்று. ஒன்றாயிற்று. சட்டத்தைப் பிடித்த கை தானாகவே தளர்ந்தது.

"வலிக்குதாம்மா?" என்று மாப்பிள்ளை மூன்றாவது தடவை கேட்டார்.

"இழுத்துப் பிடிக்கிற மாதிரி இருக்கு. வலின்னு சொல்ல முடியல." மூக்கைத் தேய்த்துக்கொண்டாள். "மூக்குதான் அரிச்சே கொல்லுது."

"அது அந்த மருந்தால. ஒண்ணும் பண்ணாது" என்றாள் பெரியவள்.

"உங்கிட்ட கேக்கல" என்றாள் சின்னவள். ஆனால் கேட்டுக்கொண்டாள்.

சிஸ்டர் குழந்தையைக் கொண்டுவந்து கொடுத்தார். சின்னவள் இரண்டு கையாலும் வாங்கி, தானே சரித்து, தானே மார்போடு அணைத்தாள். பிறந்து நான்கு மணி நேரத்தில். அவள் அழுதாள். வலியால் அல்ல என்பது பார்த்த எல்லோருக்கும் தெரிந்தது. பெரியவள் தன் தாளில் மூச்சுக் கணக்கை எழுதுவதுபோல முகத்தைக் குனிந்துகொண்டாள். நிமிடத்துக்குப் பதினாறு என்று எழுதினாள்.

மூன்று மணிக்குமேல் சின்னவள் கண்ணயர்ந்தாள். கொஞ்ச நேரத்தில் ஒலிபரப்பு தொடங்கியது. எதிர்ப்படுக்கைக்காரியின் வீட்டார் திரும்பிப் பார்த்தார்கள். மாப்பிள்ளை அவர்களைப் பார்த்து, "என் வீட்டுக்காரிதான்" என்றார், கொஞ்சம் பெருமையாகவே.

பெரியவள் தங்கையின் நெஞ்சில் கையை லேசாக வைத்துக் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினான்கு. அடுத்த முறை பன்னிரண்டு. நான்கு மணிக்குப் பதினொன்று. அப்போது சத்தம் நின்றது. நெஞ்சு எழவில்லை. மாப்பிள்ளை எழுந்துவிட்டார். பெரியவள் மனதுக்குள் எண்ணினாள், ஏழு, எட்டு, ஒன்பது, தோளை உலுக்கினாள்.

"மூச்ச இழு."

சின்னவள் திடுக்கிட்டு ஒரு பெரிய மூச்சு இழுத்தாள். கிளிப்பின் எண் தொண்ணூற்றொன்றிலிருந்து தொண்ணூற்றாறுக்கு ஏறியது.

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. நின்னுச்சு, எழுப்பினேன். சிஸ்டர், டாக்டர கூப்பிடுங்க."

நெட்டை டாக்டர் ஓடி வந்து பார்த்தார். தலைப்பக்கத்தை உயர்த்தினார், மூக்கில் ஆக்சிஜன் குழாய் வைத்தார். மாற்று மருந்து இப்போது வேண்டாம், ஆனால் இனி ஒரு நிமிடமும் கண்ணை எடுக்கக் கூடாது என்றார். சின்னவள் இதையெல்லாம் கேட்டுக்கொண்டே படுத்திருந்தாள். பக்கத்தில் யாரும் இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவள் முகத்தில் ஓடியது. அந்த நினைப்பு இன்றையதா நான்கு வருடத்துக்கு முந்தையதா என்பதை அவள் சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள்.

நாலரை மணிக்கு அலுவலக ஊழியர் ஒருவர் வாசலில் வந்து நின்றார்.

"மேடம், தலைமை டாக்டர் உங்கள உடனே வரச் சொன்னாரு. பழைய கேஸ் ஷீட் ஒண்ணு மேசை மேல விரிச்சு வச்சிருக்காரு. நிர்வாகத்துலேருந்தும் ரெண்டு பேர் உட்கார்ந்திருக்காங்க. அஞ்சு மணிக்குள்ள உங்க பதில எழுதி வாங்கணுமாம்."

மாப்பிள்ளைக்கு விஷயம் புரிந்தது. "போய்ட்டு வாங்க அண்ணி. வேலை விஷயம். நான் பாத்துக்கறேன்."

"நீங்க பன்னெண்டு வரைக்கும் எண்ணுவீங்க மாப்பிள்ளை. இன்னிக்கு அவ்வளவு நேரம் விட முடியாது." ஊழியரிடம் திரும்பினாள். "நாளைக்குக் காலையில எட்டே முக்காலுக்கு அப்புறம் வர்றேன்னு சொல்லுங்க."

"அதுவரைக்கும் இருக்க மாட்டாங்க மேடம். வரலன்னா வேற மாதிரி ஆயிடும்னு சொன்னாரு."

"ஆகட்டும்."

ஊழியர் நகரவில்லை. அப்போது கட்டிலிலிருந்து குரல் வந்தது. சின்னவள் தூங்கவே இல்லை.

"போய்ட்டு வா அக்கா. நீ வர்ற வரைக்கும் நான் கண்ண மூட மாட்டேன்."

நான்கு வருடத்தில் அக்கா கேட்காமலே அக்காவுக்காகச் சின்னவள் ஒன்றைத் தர முன்வந்தது இதுதான் முதல் தடவை. களைப்பில் இமை செருகிக்கொண்டு போக, அவள் அதைப் பிடிவாதமாகத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். பெரியவள் நாற்காலியை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டாள். கையைத் தங்கையின் நெஞ்சில் வைத்தாள்.

"நீ தூங்கு" என்றாள்.